பழைய குண்டே போதுமா?

தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களை விடாமல் துரத்தும் கேள்வி இது. புதுப்புது ரகங்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பழசை விட மறுப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஓரளவுக்கு.

1986 ஏப்ரல் 11. மியாமி நகருக்குத் தெற்கே, வீடுகள் நிறைந்த ஒரு தெருவில், எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையர்களின் காரை மடக்கினார்கள். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் சுமார் 145 குண்டுகள் பறந்தன. புகை அடங்கியபோது இரண்டு ஏஜென்டுகளும் இரண்டு கொள்ளையர்களும் உயிரிழந்திருந்தார்கள். மேலும் ஐந்து ஏஜென்டுகள் காயம்பட்டிருந்தார்கள்.

அந்தச் சண்டையில் ஒரு கணம் மட்டும் அமெரிக்கத் துப்பாக்கி உலகில் இன்றுவரை அலசப்படுகிறது. ஏஜென்ட் ஜெரி டவ் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு, மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனின் வலது கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்தை எட்டுவதற்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. ஆளைக் கொல்லக்கூடிய காயம்தான். ஆனால் பிளாட் உடனே விழவில்லை. அதன் பிறகும் சுட்டான். டவையும் அவரது சகா பென் குரோகனையும் கொன்றான்.

டவ் சுட்டது வின்செஸ்டர் கம்பெனியின் 'சில்வர்டிப்' என்ற குண்டு. எடை சுமார் ஏழரை கிராம். அன்றைக்கு அது நவீன ரகம். எஃப்.பி.ஐ. முதலில் விரல் நீட்டியது அந்தக் குண்டை நோக்கித்தான். அங்கே தொடங்கிய 'நல்ல குண்டு' தேடல் கிட்டத்தட்ட 40 ஆண்டுகளாக ஓயவில்லை. ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒரு புதிய ரகம், ஒரு புதிய பெயர், ஒரு புதிய விளம்பரம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெர்மிட்கூட இல்லாமல் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்றிருக்கும் நாட்டில் இது பெரிய வியாபாரமும்கூட.

இந்த ஓட்டத்தில் சேர மறுத்து, 20, 30 ஆண்டுகளுக்கு முன் வந்த ரகத்தையே போதுமென்று வைத்திருப்பவர்களும் ஏராளம். அவர்கள் பிடிவாதக்காரர்களா, விவரமானவர்களா? விடை காண்பதற்கு முன் அந்தக் குண்டையே கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. துப்பாக்கியிலிருந்து பறப்பது குண்டு மட்டும்தான். சாதாரணக் குண்டின் ஈயத்தை முழுவதுமாகச் செம்பு உறை மூடியிருக்கும். 'ஹாலோ பாயின்ட்' என்கிற குழிமுனைக் குண்டில் மூக்கில் ஒரு பள்ளம் இருக்கும். உடலில் பட்டதும் அந்தப் பள்ளத்தில் ஈரமான சதை நுழைந்து அழுத்த, குண்டின் முனை காளான்போல விரியும். விரிந்த குண்டு அகலமான காயத்தை உண்டாக்கும். கூடவே வேகமும் குறைந்து உடலுக்குள்ளேயே நின்றுவிடும். மறுபக்கம் வெளியே வந்து வேறு யார் மீதும் பாயாது.

அமெரிக்கப் போலீஸ் துறைகள் இந்த ரகத்துக்கு மாறியதற்கு முக்கியக் காரணமே இந்தக் கடைசி அம்சம்தான். நியூயார்க் நகரப் போலீஸ் 1998-ல் முழு உறைக் குண்டைக் கைவிட்டுக் குழிமுனைக்கு மாறியபோது சொன்ன காரணங்களில் முதன்மையானது, எதிராளியைத் துளைத்துக்கொண்டு போகும் குண்டுகள் வழிப்போக்கர்களைக் காயப்படுத்துகின்றன என்பது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: கொடூரமான குண்டு என்று பெயரெடுத்ததுதான் சுற்றியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பானது.

அந்தக் கெட்ட பெயர் பிறந்த இடம் அமெரிக்கா அல்ல, கல்கத்தா. 1895-ல் சித்ரால் படையெடுப்பின்போது, தங்களது புதிய .303 ரைஃபிளின் உறைக் குண்டு பட்டும் எதிரிகள் ஓடிவருவதை நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். கல்கத்தாவையடுத்த டம்டம் ஆயுத ஆலையின் பொறுப்பிலிருந்த கேப்டன் பெர்ட்டி கிளே, குண்டின் மூக்கில் உறையைக் கொஞ்சம் நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். அதுதான் 'டம்டம்' குண்டு. எல்லைப்புறத்தில் தீரா போரில் அது பயன்பட்டது. மூக்கில் குழியே உள்ள ரகங்களை இங்கிலாந்தில் தயாரித்தார்கள்.

உலகம் முகம் சுளித்தது. 1899-ல் ஹேக் மாநாட்டில், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. எதிர்த்து வாக்களித்த நாடுகள் பிரிட்டனும் அமெரிக்காவும். பிரிட்டன் 1907-ல் இறங்கி வந்தது. அமெரிக்கா அந்தப் பிரகடனத்தில் கடைசிவரை சேரவில்லை. எப்படியானாலும் தடை, நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான். உள்ளூர்ப் போலீசுக்கும் தனிமனிதர்களுக்கும் அது பொருந்தாது. இப்படித்தான் போர்க்களத்தில் விலக்கப்பட்ட ஒன்று அமெரிக்கக் குடிமகனின் சட்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

சித்ராலில் நடந்ததை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சுடப்பட்டவன் விழவில்லை, உடனே பழி குண்டின் மீது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்கள் .38 ரிவால்வருக்கு விழவில்லை என்று அமெரிக்க ராணுவம் .45-க்குத் திரும்பியது. 1986-ல் மியாமி. கதை ஒன்றே, ஊர்தான் வேறு.

மியாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. செய்த ஒரு காரியம் மட்டும் உருப்படியானது. அதுவரை கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு மதிப்பெண் போட்ட முறை, குண்டு பாயும்போது சதை ஒரு கணம் உப்பிச் சுருங்குவதையே பெரிதாக எடுத்துக்கொண்டது. சில்வர்டிப் போன்ற, வேகமாகப் பாய்ந்து சட்டென்று விரியும் இலேசான குண்டுகள் அதில் முதலிடம் பிடித்தன. ஆழம் கண்டுகொள்ளப்படவில்லை. ராணுவ அறுவை மருத்துவரான மார்ட்டின் ஃபேக்லர் போன்றவர்கள் இதை மறுத்தார்கள். கைத்துப்பாக்கிக் குண்டு தன் பாதையில் எதை நேரடியாக நசுக்குகிறதோ அதுதான் கணக்கு. முக்கிய உறுப்பை எட்டாத குண்டு எவ்வளவு அழகாக விரிந்தும் பயனில்லை என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதம் ஜெயித்தது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டைச் சுட்டுப் பார்க்கும் சோதனை வந்தது. வெறும் கட்டி, கனமான துணி, தகரம், சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, கார் கண்ணாடி என ஆறு விதம். எதைத் தாண்டினாலும் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 செ.மீ. ஊடுருவ வேண்டும். 18 அங்குலத்தை மிஞ்சக் கூடாது. இன்று கடையில் விற்கும் எந்தத் தற்காப்புக் குண்டின் விளம்பரத்திலும் இந்த எண்களைப் பார்க்கலாம்.

1980-களின் கடைசியில் ஃபெடரல் கம்பெனி 'ஹைட்ரா-ஷாக்' குண்டைக் கொண்டுவந்தது. குழியின் நடுவே ஒரு சிறு தண்டு அதன் அடையாளம். 90-களின் தொடக்கத்தில் ஸ்பியர் கம்பெனியின் 'கோல்ட் டாட்' வந்தது. அதில் உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டவைக்கப்பட்டிருந்தன. 2000-த்துக்குப் பிறகு ஃபெடரலின் 'எச்.எஸ்.டி.', குழியில் பிளாஸ்டிக் அடைத்த ஹார்னடி ரகங்கள் என்று பட்டியல் நீண்டது. மியாமிக்குப் பின் 10 மி.மீ., அடுத்து .40 என்று பெரிய அளவுகளைத் தேடிப்போன எஃப்.பி.ஐ.யே, குண்டுகளின் தரம் உயர்ந்துவிட்டது என்று சொல்லி கடந்த பத்தாண்டில் 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது.

அப்படியானால் ஹைட்ரா-ஷாக் காலத்து ஆசாமிகள் ஏன் மாறவில்லை?

முதல் காரணம் துப்பாக்கி. பிஸ்டலில் தோட்டா மேகசினிலிருந்து குழலுக்குள் தானாக ஏற வேண்டும். குழிமுனையின் அகன்ற வாய் சில பிஸ்டல்களில் வழியில் தட்டிச் சிக்கிக்கொள்ளும். ஒரே குண்டு ஒரு பிஸ்டலில் வெண்ணெயாக வழுக்கும், இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். எந்த ரகமானாலும் 200 தோட்டாவாவது சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பது பழக்கஸ்தர்கள் பலரின் விதி. இந்த ரகத் தோட்டாக்கள் 20 கொண்ட பெட்டி பொதுவாக 20 டாலருக்குக் குறையாது. ஆக, ரகத்தை மாற்றுவதென்றால் சோதனைக்கே 200 டாலர். ஏற்கனவே சோதித்துத் தேறிய ரகம் கையில் இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பது கஞ்சத்தனமல்ல, கணக்கு.

இரண்டாவது காரணம் தட்டுப்பாடு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு சட்டம் கடுமையாகும் என்ற பயத்தில் கடைகள் காலியாயின. 2020-ல் கொரோனாவும் கலவரங்களும் தேர்தலும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டில் ரெமிங்டன் கம்பெனியும் திவாலாக, 2021 வரை தோட்டா கிடைப்பதே குதிரைக்கொம்பானது. அந்த நாட்களில் அலமாரியில் இருந்த பழைய பெட்டிதான் பலருக்குக் கைகொடுத்தது.

மூன்றாவது காரணம் ரிவால்வர்காரர்களுடையது. 1970-களின் தொடக்கத்தில் எஃப்.பி.ஐ. ஏற்றுக்கொண்ட .38 தோட்டா ஒன்று உண்டு. உறையே இல்லாத மென்மையான ஈயக் குண்டு, மூக்கில் குழி, எடை பத்துக் கிராமுக்குச் சற்று அதிகம். 'எஃப்.பி.ஐ. லோடு' என்றே அதற்குப் பெயர். பெரும்பாலான .38 ரிவால்வர்களின் நிலையான குறிமுனைகள் இந்த எடைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை. இலேசான புதிய குண்டுகள் சற்றே கீழே போய்ப் படும். ஈயம் மென்மையாக இருப்பதால் சிறிய ரிவால்வரின் குறைந்த வேகத்திலும் அது விரிய வாய்ப்பு உண்டு. விரியாவிட்டாலும் அதன் கூரிய தோள்பட்டை விளிம்பு சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும்.

மியாமி கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இங்கேதான் வருகிறது. சண்டையை முடித்துவைத்தவர் ஏஜென்ட் எட்முண்டோ மிரெலஸ். ஒரு கை சிதைந்து தொங்க, தடுமாறி எழுந்து, கொள்ளையர்கள் ஏறியிருந்த காரை நெருங்கி, ரிவால்வரின் ஆறு தோட்டாக்களையும் சுட்டார். இருவரும் அங்கேயே முடிந்தார்கள். அவர் ரிவால்வரில் இருந்தது அதே பழைய எஃப்.பி.ஐ. லோடு. நவீனக் குண்டு தோற்றதாகச் சொல்லப்படும் இடத்தில் பழைய குண்டு வேலையை முடித்தது.

பழசின் ஆதரவாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்ள விரும்புவார்கள். ஆனால் மிரெலஸின் வெற்றியை அந்தக் குண்டின் கணக்கில் எழுதுவதும் தவறு. அவர் நெருங்கிப் போய்ச் சுட்டார். பட வேண்டிய இடத்தில் பட்டது. டவின் குண்டும் பட வேண்டிய இடத்தை நோக்கித்தான் போனது. நடுவே ஒரு கை குறுக்கிட்டது. இரண்டு குண்டுகளுக்கிடையே இருந்த வித்தியாசத்தைவிட இரண்டு கோணங்களுக்கிடையே இருந்த வித்தியாசம் பெரிது.

தவிர, பழைய ரகங்களுக்கு நிஜமான குறைகளும் உண்டு. முதலாவது துணி. கோட்டு, ஜீன்ஸ் போன்ற கனமான துணியைத் துளைக்கும்போது நூல்கள் குழிக்குள் அடைத்துக்கொண்டால் குண்டு விரியாது. குழிமுனை வெறும் உருண்டை முனையாகிவிடும்; மறுபக்கம் வெளியே போகும் ஆபத்து திரும்பி வரும். ஹைட்ரா-ஷாக் உள்ளிட்ட முந்தைய தலைமுறைக் குண்டுகள் இந்தச் சோதனையில் சமயத்தில் தடுமாறுகின்றன. புதியவை பெரும்பாலும் தேறுகின்றன.

இரண்டாவது குழலின் நீளம். பழைய குண்டுகள் நான்கு, ஐந்து அங்குலக் குழல் கொண்ட போலீஸ் பிஸ்டல்களை மனதில் வைத்து உருவானவை. இன்று மக்கள் சுமப்பது மூன்று அங்குலக் குழல் கொண்ட சின்னத் துப்பாக்கி. குழல் குறைந்தால் வேகம் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பல பழைய குண்டுகள் விரிவதில்லை. கோல்ட் டாட் குண்டிலேயே குட்டைக் குழலுக்கென்று தனி ரகம் வந்தது இதனால்தான்.

மூன்றாவது குறை, பழைய ரகத்துக்கும் பழைய தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தை மறப்பது. முப்பது ஆண்டுக்கு முன் வடிவமைத்த ரகத்தைப் புதிதாக வாங்கினால் சிக்கலில்லை. உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் மூடிவைத்த பெட்டியும் பல பத்தாண்டு தாங்கும். ஆனால் தினமும் இடுப்பில் சுமந்த தோட்டா வேறு ஜாதி. வியர்வை, தோல் உறையின் ஈரம், துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் எல்லாம் அதைத் தின்னும். பித்தளையில் பச்சைக் களிம்பு படியும். எண்ணெய் கசிந்து பிரைமர் செத்துப்போகலாம்.

இதைவிட மோசமானது இன்னொன்று. தினமும் இரவு துப்பாக்கியைக் காலிசெய்து, காலையில் அதே தோட்டாவைத் திரும்ப ஏற்றுபவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை ஏறும்போதும் குண்டின் மூக்கு இரும்பில் மோதி, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறையக் குறைய, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். துப்பாக்கியே வெடித்துக் கையைப் பதம்பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது சுமந்த தோட்டாக்களை மைதானத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதற்காகத்தான். பழைய ரகத்தில் விசுவாசம் வைக்கலாம். பழைய தோட்டாவில் வைக்கக் கூடாது.

சட்டமும் தன் பங்குக்குக் குழப்புகிறது. 1993-ல் சான்பிரான்சிஸ்கோவின் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எட்டுப் பேரைக் கொன்றவன் பயன்படுத்திய தோட்டாக்களில் வின்செஸ்டரின் 'பிளாக் டாலன்' குழிமுனை ரகமும் இருந்தது. கறுப்பு நிறமும் நகம்போல் விரியும் உறையும் பெயரும் சேர்ந்து பெரும் பீதியைக் கிளப்ப, அதே ஆண்டு கம்பெனி அதைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது. அது மற்றக் குழிமுனைகளிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. பெயர்தான் வினையானது.

நியூஜெர்சியில் இன்னும் வேடிக்கை. அங்கே குழிமுனைத் தோட்டாவை வீட்டில் வைத்திருக்கலாம். பெர்மிட் பெற்றவரானாலும் சாதாரணக் குடிமகன் அதை வெளியே சுமந்து திரிய முடியாது. குழியில் பிளாஸ்டிக் அடைத்திருந்தால் அது குழிமுனைக் கணக்கில் வராது என்பது மாநிலப் போலீசின் விளக்கம். கூட்ட நெரிசல் மிகுந்த மாநிலத்தில், ஆளைத் துளைத்துக்கொண்டு போகும் முழு உறைக் குண்டுக்கு மட்டும் தாராள அனுமதி. இந்திய லைசென்ஸ்தாரருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 9 மி.மீ. இங்கே தடைசெய்யப்பட்ட ரகம். .32 போன்ற அளவுகளில், கிடைக்கும் தோட்டாவோடு அவர் திருப்தியடைய வேண்டியதுதான்.

இவ்வளவு விவாதத்திலும் ஓரத்தில் ஒதுக்கப்படும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. நியூயார்க் போலீசாரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தின் 2008 அறிக்கை, 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்ட குண்டுகளில் குறி தப்பாதவை சராசரியாக 18 சதவீதம் என்றது. எதிராளி சுடாதபோதே 30 சதவீதம்தான். பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் போலீசின் கதி இது. குறி தவறிய குண்டில் பழசென்ன, புதுசென்ன? சதையில் படாத குழிமுனை விரிவதில்லை. சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், கையில் துப்பாக்கியுடன் நின்ற ஒரு கொலைகாரனை நோக்கி இரண்டு போலீசார் 16 குண்டுகள் சுட்டார்கள். அவன் செத்தான். வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் குண்டுகளாலும் தெறித்த சிதறல்களாலும் காயமடைந்தார்கள். வழிப்போக்கர்களைக் காப்பாற்றவென்று நியூயார்க் குழிமுனைக்கு மாறி அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொரு எண்ணும் உண்டு. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கும் மேல் தற்கொலைகள். அந்தத் தூரத்தில் எந்தக் குண்டும் தோற்பதில்லை. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவரின் குடும்பத்துக்குப் பெட்டிக்குள் இருக்கும் குண்டின் வடிவத்தைவிடப் பெட்டியின் பூட்டு முக்கியம்.

ஆக, பழைய குழிமுனையே போதும் என்பவர்களின் வாதம் நிற்கிறதா? நிபந்தனைகளோடு நிற்கிறது. அந்தக் குண்டு அவருடைய துப்பாக்கியில், அதே குழல் நீளத்தில், துணியைத் தாண்டி 30 செ.மீ. போக வேண்டும். சிக்காமல் ஏற வேண்டும். தோட்டா அவ்வப்போது மாற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் பெட்டியில் அச்சிட்ட பெயர் எந்தக் காலத்தது என்பது பொருட்டல்ல. மூன்றில் ஒன்று பிசகினாலும் மாற்றுவதே புத்திசாலித்தனம். புதிய ரகத்துக்கும் இதே பரீட்சைதான். விளம்பரத்துக்குச் சலுகை மதிப்பெண் கிடையாது.

மாறியே தீர வேண்டும் என்று துடிப்பவர்கள் யோசிக்க வேண்டியது வேறு. புதிய ரகத்தைச் சோதிக்கச் செலவாகும் அதே 200 டாலருக்குப் பயிற்சித் தோட்டா நூற்றுக்கணக்கில் கிடைக்கும். நூற்றுக்கு 18 என்ற கணக்கு உயர வேண்டுமானால் உயர வேண்டியது கையின் பழக்கம். சித்ராலிலிருந்து மியாமி வரை, சுட்டவர்கள் குண்டைத்தான் குறை சொன்னார்கள். குண்டை மாற்றுவது எப்போதுமே சுலபமாக இருந்திருக்கிறது.